பேனா எடுத்தால் புண் ஆறுமா? டைரிக்குள் இத்தனை அதிசயம் இருப்பது தெரியுமா?

கையில் சின்னதாக ஒரு புண். சீக்கிரம் ஆற என்ன செய்வோம்? மருந்து போடுவோம், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வோம், கை பட்டுவிடாமல் கட்டுப் போடுவோம். மனதில் கிடப்பதைத் தாளில் எழுதினாலும் ஆறும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், தெரியுமா?

2013-ல் வெளிவந்த ஆய்வு அது. கலந்துகொண்ட 49 பேரும் 64 முதல் 97 வயது வரையிலான பெரியவர்கள். ஒரு குழுவிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் வருத்திய சம்பவத்தை, அப்போது மனதில் ஓடியது எல்லாவற்றோடும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். தினம் 20 நிமிடம். மூன்றே நாள்! இன்னொரு குழு உணர்ச்சி எதுவும் கலக்காமல் அன்றாட வேலைகளைப் பற்றி மட்டும் எழுதியது. இரண்டு வாரம் கழித்து எல்லோருக்கும் மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போக மருந்து கொடுத்து, 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு, ஏறக்குறைய ஒரு மிளகு அளவுக்கு, தோலை வட்டமாக வெட்டி எடுத்தார்கள். பிறகு சில நாள் இடைவெளியில் அந்த இடத்தைப் படமெடுத்துக்கொண்டே வந்தார்கள். 11-ம் நாள் பார்த்தால், மனதைத் திறந்து எழுதியவர்களில் 76 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக மூடியிருந்தது. மற்ற குழுவில் 42 சதவீதம் பேருக்குத்தான்!

எழுதிய விஷயத்துக்கும் புண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எழுதியது என்றோ நடந்த துக்கம். ஆறியது இரண்டு வாரம் முன்பு இல்லவே இல்லாத ஒரு காயம். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இது எப்படி என்று கேட்பீர்கள். மனப்பாரம் உடம்பின் ஆற்றும் வேலையைத் தாமதப்படுத்துகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்த சங்கதி. அமெரிக்காவின் ஓஹையோவில் பல் மருத்துவம் படிக்கும் 11 மாணவர்களுக்கு அண்ணத்தில் இரண்டு முறை சின்னக் காயம் உண்டாக்கினார்கள்: ஒன்று கோடை விடுமுறையில், இன்னொன்று பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு. அதே ஆள், அதே வாய், அதே அளவு காயம். பரீட்சை நேரத்துக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது! 1998-ல் வெளியான கணக்கு இது. பாரம் ஏறினால் புண் தாமதிக்கும் என்றால், பாரம் இறங்கினால் விரைந்து ஆறவும் கூடும் அல்லவா?

சரி, பாரத்தைத் தாளில் இறக்கலாம் என்று முதலில் சோதித்துப் பார்த்தது யார் தெரியுமா? ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர். டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் 46 மாணவர்களை வைத்து அவரும் சாண்ட்ரா பீல் என்பவரும் செய்த சோதனை 1986-ல் வெளிவந்தது. தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம், யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை, ஆனால் ஆரம்பித்தால் நேரம் முடியும்வரை நிறுத்தக் கூடாது. ஒரு குழு அற்ப விஷயங்களை எழுதியது. ஒரு குழு தன் துயரச் சம்பவத்தில் நடந்ததை மட்டும் எழுதியது. ஒரு குழு அதன் உணர்ச்சியை மட்டும் கொட்டியது. கடைசிக் குழு நடந்தது, உணர்ந்தது இரண்டையும் எழுதியது.

முதல் ஆச்சரியம், இரண்டையும் எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனசு லேசாகவில்லை! மாறாக, சோகம் கூடியது, ரத்த அழுத்தம் ஏறியது. இந்த இடத்தில்தான் பலர் டைரியை மூடி வைத்துவிடுகிறார்கள். எழுதினேன், அழுகைதான் வந்தது, இது எனக்குச் சரிப்படாது என்று சொல்பவர்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இந்தச் சோதனையின் பிற்பகுதியைச் சொல்லத் துடிப்பேன். அடுத்த சில மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு யார் எத்தனை முறை போனார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள்தான் குறைவாகப் போயிருந்தார்கள். நடந்ததை மட்டும் அறிக்கைபோல எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

இரண்டாவது ஆச்சரியம் இதைவிடப் பெரிது. பின்னாளில் பென்னிபேக்கர் இப்படி எழுதப்பட்ட பக்கங்களைக் கணினியில் ஏற்றி, எந்த மாதிரிச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ண வைத்தார். யாருக்கு நல்ல பலன் கிடைத்தது தெரியுமா? முதல் நாளே எல்லாம் தெளிவாக எழுதியவர்களுக்கு அல்ல. நாளுக்கு நாள் ‘ஏனென்றால்’, ‘அதனால்தான்’, ‘இப்போதுதான் புரிகிறது’ என்ற வகைச் சொற்கள் கூடிக்கொண்டே போனவர்களுக்கு!

கிட்டப் போய்ப் பார்க்க, ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் நாள்: “இன்னிக்கும் மேனேஜர் எல்லார் முன்னாடியும் கத்தினார். வேலையே வேண்டாம்னு இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இப்படி.” இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதேதான், இன்னும் காரமாக. மூன்றாம் நாள் நடுவில் சம்பந்தமே இல்லாமல் அப்பா வந்து நிற்கிறார். நான்காம் நாள்: “அப்பா சத்தம் போட்டா நான் வாயடைச்சு நிப்பேன். அதனாலதான் யார் குரல் உசந்தாலும் கை நடுங்குது. மேனேஜர்கிட்ட நாளைக்குத் தனியாப் போய் பேசணும்.” மேனேஜர் மாறவில்லை. சம்பளம் மாறவில்லை. ஆனால் முதல் நாள் பக்கத்தில் வெறும் வலி இருந்தது. நான்காம் நாள் பக்கத்தில் ஒரு காரணம் இருக்கிறது, நாளைக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே ஒரு சிகிச்சைபோல வேலை செய்கிறது என்பதும் தெரியுமா? கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழு 30 பேரை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்து, கோபமும் பயமும் காட்டும் முகங்களைக் காட்டியது. முகத்தைப் பார்த்து ‘கோபம்’, ‘பயம்’ என்று பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது! ஆகவே டைரியில் “மூடு சரியில்லை” என்று எழுதுவதோடு விட்டுவிடாதீர்கள். கோபமா, அவமானமா, பொறாமையா, பயமா என்று ஒரு படி மேலே போய் எழுதுங்கள்.

ஆஸ்துமா, முடக்குவாதம் உள்ளவர்களுக்குமா எழுத்து உதவும்? 112 நோயாளிகளை வைத்து 1999-ல் வந்த ஆய்வில், மூன்று நாள் 20 நிமிடம் தங்கள் துயரத்தை எழுதிய ஆஸ்துமாக்காரர்களின் நுரையீரல் நான்கு மாதம் கழித்தும் மேம்பட்டிருந்தது. மூட்டு நோயாளிகளுக்கு நோயின் கடுமை தணிந்திருந்தது. வழக்கமான மருந்தை யாரும் நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வேலை போனவர்களுக்கு? 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், திடீரென்று ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அனுபவசாலிகள் சிலரை ஐந்து நாள் தங்கள் ஆத்திரத்தையும் அவமானத்தையும் எழுத வைத்தார்கள். எட்டு மாதத்தில் மறுபடி வேலையில் சேர்ந்தவர்கள் அந்தக் குழுவில்தான் அதிகம். அவர்கள் மற்றவர்களைவிட அதிகக் கடிதம் போடவும் இல்லை, அதிக நேர்காணலுக்குப் போகவும் இல்லை! பழைய முதலாளி மீதிருந்த கசப்பைத் தாளிலேயே விட்டுவிட்டுப் போனதால் நேர்காணலில் அது எட்டிப் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருக்கிறதா? இதை அவசியம் படியுங்கள். 2011-ல் ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பைலாக் இருவரும் வெளியிட்டது. பரீட்சை ஆரம்பிக்கும் முன் 10 நிமிடம், பரீட்சையைப் பற்றித் தனக்குள் இருக்கும் பயத்தை அப்படியே எழுதிய மாணவர்கள், குறிப்பாக வழக்கமாகப் பதறுகிறவர்கள், நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஹாலுக்குள் போகும்வரை “அந்தச் சூத்திரம் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே போகிறோம்.

தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று. பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தூங்க வைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், அடுத்த நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம்! கேஸ் புக் பண்ணணும், அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும், பள்ளிக்கூட பீஸ் கடைசித் தேதி என்று தலையணையில் புரளும்போது தலைக்குள் சுற்றுவதெல்லாம் தாளில் ஏறிவிட்டால், அதை ராத்திரி முழுக்க நினைவில் பிடித்து வைத்திருக்கும் வேலை மூளைக்கு மிச்சம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம், நமக்கு டைரி எழுதும் வழக்கமே கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களை அப்படியே புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்! சென்னைப் பெரம்பூரில் 1709-ல் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736 செப்டம்பர் 6-ம் தேதி நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். எதுவரை எழுதினார் தெரியுமா? 1761 வரை. ஏறக்குறைய 25 வருடம்! தமிழில், அதுவும் அன்றைக்குப் புழங்கிய பேச்சுத் தமிழில். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே ஜனவரியில் அவர் காலமானார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, கவர்னர் என்ன சொன்னார், தான் என்ன பதில் சொன்னார், ஊரில் யார் யாருக்குச் சண்டை என்று அத்தனையும் அதில் இருக்கிறது. 1846-ல் கலுவா மோன்பிரன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்து வெளி உலகுக்குச் சொன்ன அந்த நாட்குறிப்பு, பிறகு ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது.

சரித்திர ஆசிரியர்கள் அதில் போர்களைத் தேடுவார்கள். நான் அதில் ஒரு மனிதரைத் தேடுவேன். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்த நாட்களில், புதுச்சேரியின் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. கவர்னருக்கு அத்தனை அருகில் இருந்தும் பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. இதற்காகக் கவர்னரின் மனைவி மீது அவருக்கு இருந்த கோபம் கொஞ்சமல்ல. அதை வெளியே சொல்லிவிட்டுப் பதவியில் இருக்க முடியுமா? பகலில் அதே மாளிகைக்குப் போய் வணங்கி நின்றவர், அந்தத் துக்கத்தையும் கோபத்தையும் தன் ஏட்டில் இறக்கி வைத்தார். மனநலம், உளவியல் என்றெல்லாம் யாரும் பேசாத காலம். வாய்விட்டுச் சொல்ல முடியாததைக் கை சொல்லிவிட்டது. அவர் காலமான பிறகு அந்தக் குடும்பத்தில் அடுத்த தலைமுறையும் குறிப்பெழுதியது என்பதும், அதே புதுச்சேரியில் இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பு ஒன்று இருக்கிறது என்பதும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியவை.

அரண்மனைக்காரர்தான் எழுத வேண்டுமா என்ன? இங்கிலாந்தின் கப்பல் கட்டும் ஊரான பேரோவில் நெல்லா லாஸ்ட் என்ற இல்லத்தரசி இருந்தார். சாதாரண மக்கள் தங்கள் நாட்களை எழுதி அனுப்பலாம் என்று அழைத்த ‘மாஸ் அப்சர்வேஷன்’ அமைப்புக்காக 1939-ல், 49 வயதில் பேனா எடுத்தார். முன்பு ஒருமுறை மனம் நொடிந்துபோயிருந்தவர். குண்டு விழுந்த இரவுகள், ரேஷன் சமையல், அதிகம் பேசாத கணவர் என்று எழுதி, எழுதி, 1966 வரை சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் சொற்கள்!

அதே நாட்டில் மரியன் மில்னர் என்ற இளம்பெண் 1926-ல் இன்னொரு கோணத்தில் ஆரம்பித்தார். தினமும் தன்னை உண்மையிலேயே சந்தோஷப்படுத்தியது எது என்று குறித்து வைப்பது, அவ்வளவுதான். ஏழு ஆண்டுக் குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது, தனக்குப் பிடிக்கும் என்று தான் நம்பியிருந்தவையும் நிஜத்தில் தன்னை மகிழ்வித்தவையும் வேறு வேறாக இருப்பதைக் கண்டார். 1934-ல் புனைபெயரில் அது புத்தகமாகவே வந்தது. பின்னாளில் அவர் புகழ்பெற்ற உளப்பகுப்பாய்வாளர். ஜப்பானில் ஷோமா மொரிட்டா வகுத்த சிகிச்சை முறையிலோ நோயாளி தினம் டைரி எழுத வேண்டும், மருத்துவர் அதைப் படித்து ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பித் தருவார்!

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தை மறைத்தால் அது பாவம். 146 ஆய்வுகளைச் சேர்த்து 2006-ல் எடை போட்டபோது, எழுதுவதால் பலன் உண்டு, ஆனால் சராசரியில் அது சிறியது என்றே தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இல்லை. அண்மையில் மண வாழ்க்கை முறிந்தவர்களை வைத்து டேவிட் ஸ்பாரா 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ‘ஏன் இப்படி ஆயிற்று’ என்று ஏற்கெனவே ஓயாமல் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் உணர்ச்சியைக் கொட்டி எழுதியபோது எட்டு மாதம் கழித்தும் தேறாமல் இருந்தார்கள். அதே சுபாவம் உள்ளவர்கள், இன்று இத்தனை மணிக்கு எழுந்தேன், இன்ன வேலை செய்தேன் என்று சாதாரணமாக எழுதியபோது நன்றாகத் தேறினார்கள்! பென்னிபேக்கரே ஒரு விதி சொல்வார்: எழுத எழுத நிலைகுலைந்துவிடுவோம் என்று தோன்றினால் அதை விட்டுவிட்டு வேறு விஷயத்தை எழுதுங்கள். ஒரே காயத்தை வாரக்கணக்கில் அதே வார்த்தைகளில் எழுதிக்கொண்டிருந்தாலும் நிறுத்த வேண்டியதுதான். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறதென்றால் டைரி போதாது. மனிதக் குரல் வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நன்றிக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. கிடைத்த நல்லவற்றை எண்ணி எழுதுவதில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை என்று சோனியா லியுபோமிர்ஸ்கி குழு கண்டது. தினமும் எழுதுங்கள், தினமும் அதையே எழுதாதீர்கள் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

பழக்கம் எப்படி ஒட்டும்? நம் வீடுகளில் ஜனவரியில் டைரிக்குப் பஞ்சமே இல்லை. எல்.ஐ.சி. டைரி, பேங்க் டைரி, நகைக்கடை டைரி, ராகுகாலம் எமகண்டம் அச்சடித்த பாக்கெட் டைரி. பொங்கல் வரை பக்கங்கள் நிறையும். அப்புறம் பால் கணக்கு, இஸ்திரிக் கணக்கு. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று சொல்கிறார்களே, அது சரியில்லை, தெரியுமா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு புதுப் பழக்கம் தானாக வர ஆன சராசரிக் காலம் 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது! ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. விட்ட நாளை நிரப்ப உட்காராதீர்கள். இன்றைய தேதி போட்டு எழுதுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், கதவு பூட்டிய பின், மாத்திரை போட்ட பின் என்று ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றின் வாலில் கட்டிவிட்டால் ஞாபகம் வைக்கவே வேண்டாம்.

யாராவது படித்துவிடுவார்களே என்ற பயம் நம் வீடுகளில் மிக நியாயமானது. ஒரே அறையில் நாலு பேர், ஒரே பீரோ. 1660-களில் லண்டனில் டைரி எழுதிய சாமுவேல் பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதித் தப்பித்தார். உங்களுக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துப் போட்டுவிடலாம். எழுதியதை வைத்திருந்தாக வேண்டும் என்பதில்லை, யாரும் படிக்க வேண்டும் என்பதுமில்லை. ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருந்தால் உங்கள் பெயரைப் போட்டு, ‘செல்வி இன்று ஏன் அழுதாள்?’ என்று எழுதிப் பாருங்கள். தன்னைத் தன் பெயர் சொல்லி யோசிப்பவர்களுக்குப் பதற்றம் தணிகிறது என்று ஈதன் கிராஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் காட்டியிருக்கிறார்.

“எழுத ஒன்றுமே நடக்கவில்லையே” என்ற நாளுக்குத்தான் கடைசி அதிசயம். ஹார்வர்டில் டிங் ஜாங் குழு 2014-ல் வெளியிட்டது. சிலரை ஒரு சாதாரண நாளையும் காதலர் தினத்தையும் எழுத வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் படிக்கும்போது எது எவ்வளவு இனிக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் சொன்னார்கள். எந்த நாளைப் பற்றிய ஊகம் அதிகமாகத் தப்பியது தெரியுமா? சாதாரண நாளைப் பற்றியதுதான்! நினைத்ததைவிட அது மிகவும் இனித்தது. இன்னொரு சோதனையில், இன்றைய நாளை ஐந்து நிமிடம் எழுதுகிறீர்களா, ஒரு வீடியோ பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வீடியோவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோதோ, வீடியோவைவிட அந்த நாளின் குறிப்பைப் படிக்கவே அதிகம் பேர் ஆசைப்பட்டார்கள். ஆகவே இன்று ராத்திரி என்ன குழம்பு, யார் போன் பண்ணினார்கள், சின்னவன் என்ன கேள்வி கேட்டான் என்பதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.